பழைய வீடு வாங்கும் முன் குழாய்களை எப்படிப் பார்ப்பது?

வாங்கப்போகிறவன்:
மடிப்பாக்கத்தில் 25 வருடத் தனி வீடு ஒன்றைப் பேசி வைத்திருக்கிறோம். பத்திரம், வில்லங்கம் எல்லாம் வக்கீல் பார்த்துவிட்டார். குழாய்களை யாரும் பார்க்கவில்லை, ஓனர் "எல்லாம் நல்லா இருக்கு" என்கிறார். அட்வான்ஸ் கொடுக்கும் முன் என்ன பார்க்கணும்?

சைட்_இன்ஜினியர்:
அந்த வயது வீட்டில் சுவருக்குள் ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) இருக்க வாய்ப்பு அதிகம், அது உள்ளுக்குள்ளேயே துருவேறி அடைத்துக்கொள்ளும், வெளியே ஒன்றும் தெரியாது. மாடியில் ஷவரைத் திறந்துவிட்டு கீழே சமையலறைக் குழாயையும் திறங்கள். ஷவர் சட்டென்று இளைத்தால் சந்தேகப்படலாம். காலையில் வரும் முதல் தண்ணீரை வெள்ளை பக்கெட்டில் பிடியுங்கள். பழுப்பாக வந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், ஏனென்றால் பைப் மாற்ற டைல்ஸை உடைக்கணும், செலவே அங்கேதான்.

மொட்டைமாடி:
அப்புறம், மாடி பாத்ரூமுக்கு நேர் கீழே இருக்கும் சீலிங். அங்கே மட்டும் புது பெயின்ட் என்றால் ஏன் என்று கேளுங்கள்.

உப்புத்தண்ணி:
போர் தண்ணீரை விட்டுவிட்டீர்களே! டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை இந்தியத் தரநிலை அனுமதிக்கிறது, ஆனால் அதில் கீசரும் ஷவரும் உப்புப் படிந்தே போகும். கழிவுநீர் பாதாளச் சாக்கடைக்குப் போகிறதா, செப்டிக் டேங்கா?

வாங்கப்போகிறவன்:
செப்டிக் டேங்க்தான். மூடி எங்கே என்று ஓனருக்கே தெரியவில்லையாம்.

சைட்_இன்ஜினியர்:
சரி, முதலில் அதைத் தேடச் சொல்லுங்கள்.