காதோரம் அழுத்தும் மூக்குக்கண்ணாடியைத் தளர்த்துவது எப்படி?

கேள்வி:
மூன்று வாரங்களுக்கு முன் கருப்பு அசிட்டேட் (ஒருவகை பிளாஸ்டிக்) பிரேமில் புதுக் கண்ணாடி வாங்கினேன். எழுத்துகள் தெளிவாகவே தெரிகின்றன. ஆனால் மாட்டி ஒரு மணி நேரம் ஆவதற்குள் இரண்டு நெற்றிப்பொட்டுகளிலும் வலி தொடங்கிவிடுகிறது. கழற்றி வைத்தால் அரை மணியில் போய்விடுகிறது, சிவந்த தடம் மட்டும் காதுக்கு மேலே நிற்கிறது. இத்தனை இறுக்கத்திலும் குனிந்தால் கண்ணாடி மூக்கில் வழுக்கி இறங்குவதுதான் எனக்குப் புரியவில்லை. கடைக்காரர், போடப் போடத் தளர்ந்துவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். தடித்த புத்தகத்தின் மேல் இரவு முழுவதும் விரித்து வைத்தும் பலன் இல்லை. பவர் தவறா, பிரேம் தவறா?

மறுமொழி 1:
கழற்றியதும் மறையும் வலி பெரும்பாலும் பிரேமின் வேலைதான். இறுக்கமான தலைக்கவசம், நீச்சல் கண்ணாடி ஆகியவற்றாலும் இதே வலி வரும். தலைவலிகளின் பன்னாட்டு வகைப்பாட்டில் இதற்குத் தனி இடமே உண்டு. அழுத்தம் தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வருவதும், நீங்கிய ஒரு மணி நேரத்துக்குள் மறைவதும் அதன் அடையாளங்கள். கழற்றிய பிறகும் வலி நீடித்தால் கண் மருத்துவரைப் பாருங்கள்.

மறுமொழி 2:
கண்ணாடிக் கடையில் பிரேம் பொருத்தும் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்களுக்குப் புதிராக இருக்கும் அந்த வழுக்கலில்தான் விடை இருக்கிறது. நம் தலை நெற்றிப்பொட்டிலிருந்து காதை நோக்கிப் போகப் போக அகன்றுகொண்டே போவதால், பிரேமின் கைகள் காதுக்கு முன்பே தலையைக் கவ்விப் பிடித்தால், இரு விரலுக்கு இடையில் அழுத்திய ஈரச் சோப்பைப் போலக் கண்ணாடி முன்னால் பிதுங்கும். வழுக்குகிறதே என்று காதுக்குப் பின்னுள்ள வளைவை இன்னும் மடக்கச் சொல்லிவிடாதீர்கள். வலி அங்கேயும் வந்துவிடும். கை காது மடலுக்கு மேல் போய்ச் சேரும் வரை தலையை அழுத்தாமல் ஓட வேண்டும். அசிட்டேட் சூட்டுக்கு இளகும் பொருள் என்பதால், கீல் அருகே சூடுபடுத்தி வெளிப்பக்கம் திறந்து, ஆறும் வரை பிடித்திருந்தால் அப்படியே நிற்கும். குளிர்ந்த நிலையில் புத்தகத்தின் மேல் விரித்தால் நிற்பதில்லை. கையின் உட்புறத்தில் என்ன எண்கள் இருக்கின்றன?

மறுமொழி 3:
வீட்டிலேயே வெந்நீரில் முக்கிச் செய்யலாமே என்று தோன்றும், நான் செய்தேன். கை நன்றாகவே விரிந்தது, ஆனால் லென்ஸ் மேலிருந்த கோட்டிங் சிலந்தி வலை போல வெடித்துவிட்டது. பிரேமைவிட லென்ஸுக்குத்தான் அதிகம் கொடுத்திருந்தேன்! டிஆர்-90 என்ற நைலான் வகைப் பிளாஸ்டிக்கில் செய்த மெல்லிய பிரேமாக இருந்தால் சூடுபடுத்தினாலும் பெரும்பாலும் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும் என்பதையும் பட்டே தெரிந்துகொண்டேன்.

கேள்வி கேட்டவர்:
48, 20, 140 என்று இருக்கிறது.

மறுமொழி 2:
முதல் எண் ஒரு லென்ஸின் அகலம், அடுத்தது மூக்குப் பாலம், மூன்றாவது கையின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். இரண்டு லென்ஸும் பாலமும் சேர்ந்து 116 தான் ஆகிறது, இரு ஓரமும் சேர்ந்தாலும் அகன்ற முகத்துக்குக் குறுகலான பிரேம். கைகளைத் திறந்தால் ஓரளவு சரியாகும். அதற்கு மேல் இழுத்தால் முன்பக்கம் வளைந்து, லென்ஸ் உங்கள் கண்ணுக்கு நேரே நிற்காது. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் படிப்படியாக மாறும் புரோகிரஸிவ் லென்ஸாக இருந்தால் இந்தச் சிறு மாற்றமே பார்வையைக் குழப்பும். கடையில் ஹீட்டர் இருக்கும், பொருத்தித் தருவது அவர்கள் வேலை, கூசாமல் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இன்று போய்வந்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மேசையில் கவிழ்த்து வைத்து இரு கைகளும் சமமாகப் படிகின்றனவா என்றும் பார்த்தார்கள். இப்போது மூன்று மணி நேரமாக மாட்டியிருக்கிறேன். வலப்பக்கம் சுமையே தெரியவில்லை, இடக்காதின் மேல் மட்டும் இலேசாக உறுத்துகிறது, அதற்காக நாளை மறுபடியும் போகிறேன்.