பனியில் சைக்கிள் பாதை: இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம், எழுதுங்கள்

வெண்ணாற்றங்கரை

கார் நுழையாமல் தடுப்பு வைத்த சைக்கிள் பாதை வேண்டுமா வேண்டாமா என்று இந்தக் குழுவில் ஏற்கெனவே சண்டை போட்டு முடித்துவிட்டோம். மறுபடி அதற்குள் போகவில்லை. பொங்கலுக்குத் தஞ்சாவூர் வந்திருக்கிறேன். போன குளிரில் நான் வேலை பார்க்கும் ஊரில் (கனடா, ஊர் பெயர் வேண்டாம்) நடந்த ஒன்று இன்னும் உறுத்துகிறது.

ராத்திரி முழுக்கப் பனி கொட்டித் தீர்த்திருந்தது. காலையில் பார்த்தால் கார் போகும் ரோட்டில் கருகருவென்று தார் தெரிகிறது. பக்கத்தில் சைக்கிள் பாதை இருக்க வேண்டிய இடத்தில் முழங்கால் உயரத்துக்குக் குவியல். ரோட்டிலிருந்து தள்ளிய பனி அத்தனையும் அங்கேதான். தடுப்புக் கல்லின் மேல் நட்ட பிளாஸ்டிக் கம்பங்களின் ஆரஞ்சு நுனி மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. சைக்கிளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் நிற்க, பனி தள்ளும் வண்டி ஒன்று வந்தது. அப்பாடா என்றிருந்தது. டிரைவர் நிறுத்தினார், கண்ணாடியை இறக்கினார், பாதையைப் பார்த்தார், தன் வண்டியின் முன்னால் மாட்டியிருந்த தகட்டைப் பார்த்தார். இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார். அப்புறம் அந்தக் கைகளைக் கிட்டத்தில் கொண்டுவந்து பாதையைக் காட்டினார். உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டார்.

தகடு பாதையைவிட அகலம், அவ்வளவுதான் விஷயம். கார் உள்ளே வரக் கூடாது என்று கல் வைத்தவர்கள், சுத்தம் செய்கிற வண்டி எப்படி உள்ளே வரும் என்று யோசிக்கவே இல்லை.

கொரடாச்சேரி வாய்க்கால்

தள்ளாத பனியாவது கண்ணுக்குத் தெரியும் அண்ணே. தள்ளி வைத்த பனிதான் என்னைக் கவிழ்த்தது.

எங்கள் பக்கம் பாதையை ஒழுங்காகத்தான் தள்ளுவார்கள். தள்ளியதை ரோட்டுக்கும் பாதைக்கும் நடுவில் இருக்கும் திட்டில் குவிப்பார்கள். மதியம் வெயில் வந்தால் அது உருகிப் பாதைக்குக் குறுக்கே ஓடும், ஏனென்றால் வடிகால் இந்தப் பக்கம். ராத்திரி பூஜ்ஜியத்துக்குக் கீழே போனதும் அந்தத் தண்ணீர் அப்படியே உறைந்துவிடும். மேலே பார்த்தால் ஈரத் தார் மாதிரி இருக்கும், சத்தியமாகப் பனிக்கட்டி என்று சொல்லவே முடியாது.

அடிபட்டது முழங்கையில். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது சாப்பாட்டு டப்பா. கேரியரிலிருந்து கழன்று, பனிக்கட்டியின் மேல் சறுக்கிக்கொண்டே போனது, போனது, சிக்னல் வரைக்கும் போனது. சாம்பார் சாதம். நான் படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே வந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி காலால் அதைத் தடுத்து நிறுத்தி எடுத்துக்கொண்டு வந்தார். மூடி திறக்கவே இல்லை.

வடுவூர் ஏரி

நான் ஸ்னோவே பார்த்ததில்லை. அதற்காக என்னைத் துரத்திவிடாதீர்கள். ரோட்டோரம் சைக்கிளுக்கு இல்லாமல் போவது எனக்கும் தெரியும், வருடாவருடம் தை மாதம்.

பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். பிளஸ் ஒன் பிள்ளைகள் அரசு கொடுத்த சைக்கிளில்தான் வருகிறார்கள். சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் ரோட்டில் பாதிக்கு நெல் காய்கிறது. வண்டி ஏறாமலிருக்க அதைச் சுற்றிச் செங்கல், கருங்கல், கிடைத்த முள். சாயங்காலம் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள், கல் மட்டும் அங்கேயே கிடக்கும். காலையில் மூடுபனி. பத்தடி தள்ளி இருப்பது தெரியாது. பிள்ளைகள் கல்லுக்குப் பயந்து நடு ரோட்டுக்கு வருவார்கள், பின்னாலேயே பஸ்.

அன்றைக்கு நான் ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தேன். ஒரு பாட்டி, எழுபதுக்கு மேல் இருக்கும், நெல்லில் நின்று காலால் கோடு கோடாகத் துழாவிவிட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் மணிச் சத்தம் கேட்டதும் கையைத் தூக்கி பஸ்ஸை நிறுத்தினார். நிஜமாகவே நிறுத்தினார், டிரைவர் பிரேக் போட்டார். ஒன்பது பிள்ளைகளும் போய் முடிகிற வரை கையை இறக்கவில்லை. மறுநாள் பார்த்தால் கல் வரிசையை உள்ளே நகர்த்தி, ஓரமாக இரண்டடிக்கு வழி விட்டிருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. நான்கூட இறங்கி ஒரு வார்த்தை பேசவில்லை, மணி ஆகிவிட்டது.

நீடாமங்கலம் கேட்

டீச்சர் கோபித்துக்கொள்ளக் கூடாது. பனியையும் நெல்லையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். பனிக்குச் சொந்தக்காரன் கிடையாது. நெல்லுக்கு உண்டு, அவன் ஆசைப்பட்டு ரோட்டுக்கு வரவில்லை.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். மழை கெடுத்த வருடங்களில் கொஞ்சம் தளர்த்துவார்கள், அதற்கும் மத்திய அரசு உத்தரவு வந்தாக வேண்டும். முன்பெல்லாம் அரி அரியாக அறுத்து, வயலில் போட்டு, கட்டுக் கட்டிக் களத்துக்குத் தூக்கி வந்து அடிப்போம். அடிப்பதற்குள் பாதி காய்ந்துவிடும். இப்போது அறுவடை மெஷின் இறங்கினால் ஒரே நாளில் ஊர் முழுக்கப் பச்சை நெல். அத்தனையையும் கொட்ட ஊருக்கு ஒரு களம், அதிலும் பாதியில் போன வருடத்து வைக்கோல். தார் ரோடு சுள்ளென்று சுடும், சீக்கிரம் காயும். வேறு எங்கே போவான்? களத்தைப் பெரிதாகக் கட்டு என்று கேளுங்கள், நானும் வருகிறேன்.

என் சம்பவம் சின்னது. மழைக்குப் பிறகு பெல்ட் சக்கர அறுவடை மெஷின் வயலிலிருந்து ஏறிய இடத்தில் களிமண் கட்டி கட்டியாகக் கிடந்தது. அதன் மேல் லேசாகத் தூறல். பால் கேனோடு வந்த ஒருவர் என் கண் முன்னாலேயே வழுக்கிப் படுத்துவிட்டார். ரோடு முழுக்கப் பால். மெஷின்காரர் இறங்கி வந்து மண்வெட்டியால் சுரண்டிவிட்டுத்தான் போனார், அதையும் சொல்ல வேண்டும்.

வடுவூர் ஏரி

நான் விவசாயியைக் குறை சொன்னேனா? அந்தப் பாட்டி விவசாயி இல்லாமல் வேறு யார்? மறுபடி ஒரு முறை படியுங்கள் சார்.

ஐயாறு டு ஔலு

நான் இருப்பது பின்லாந்தில், ஔலு என்ற ஊர். அறுபத்தைந்தாவது அட்சரேகை, நம் திருவையாறு பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில். ஏப்ரல் வரை பனி கிடக்கும். குளிர்கால சைக்கிள் மாநாடு என்று ஒன்று நடக்கிறதே, 2013-இல் முதன்முதலாக நடந்தது இங்கேதான்.

வந்த புதிதில் நான் எதிர்பார்த்தது உப்பு. உப்பே போடவில்லை. மைனஸ் பத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு பெரிதாக வேலை செய்யாது, இங்கே அது சர்வ சாதாரணம். அதனால் பனியை முழுக்க எடுப்பதில்லை, அழுத்தி இறுக்கிவிடுகிறார்கள். பல் வைத்த தகட்டால் மேலே கீறிக்கொண்டே போவார்கள், அதன் மேல் பொடி ஜல்லி. பரம்படித்த நாற்றங்கால்போல மட்டமாக இருக்கும், ஆனால் கெட்டி. டயர் நறநறவென்று கடித்துக்கொண்டு போகும். முக்கியமான பாதைகளை விடிவதற்குள் தள்ளி முடித்துவிடுவார்கள். வசந்தத்தில் அந்த ஜல்லியைக் கூட்டி அள்ளும் வரை பஞ்சர் தொல்லை உண்டு, அது வேறு.

எனக்கு மறக்காதது ஒரு பள்ளிக்கூடம். பள்ளி விடும் நேரம், மைனஸ் இருபதுக்குப் பக்கம், அதற்குள் இருட்டு. வாசலில் நூற்றுக்கணக்கில் சைக்கிள், சீட்டெல்லாம் வெள்ளையாகப் பூத்துப்போய். ஆறேழு வயதுப் பையன் ஒருவன் தன் சீட்டைக் கையுறையால் தட்டிவிட்டு ஏறிப் போனான். அம்மா கூட வரவில்லை, அப்பா கூட வரவில்லை. நான் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். அந்த வாரமே சைக்கிள் வாங்கினேன்.

சைக்கிள் கடை பேரன்

கும்பகோணத்தில் தாத்தா காலத்துக் கடை. இரண்டு வருடம் ஸ்வீடனில் இருந்தேன், ஒரு முறை பூட்டு உறைந்துபோய் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன். அவ்வளவுதான் என் கதை. ஆனால் மேலே எழுதியவர்கள் யாருமே டயரைப் பற்றிப் பேசவில்லை, ஆச்சரியமாக இருக்கிறது.

பனிக்கட்டிக்கு ஆணி டயர்தான். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முன் சக்கரத்துக்குப் போடுங்கள். பின் சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன் சக்கரம் போனால் நேராகத் தரைதான். சும்மா பனிக்குக் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள், பிடிப்பு கூடும். வழுக்கும் இடத்தில் முன் பிரேக்கைத் தொடாதீர்கள், திரும்பும்போது எந்தப் பிரேக்கையும் தொடாதீர்கள். உப்பு போடும் ஊராக இருந்தால் வாரத்துக்கு ஒரு தரம் செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், இல்லாவிட்டால் மார்ச்சில் துருதான் மிஞ்சும். பூட்டுக்குள் ஒரு சொட்டு எண்ணெய். கடுங்குளிரில் ஃப்ரீவீலுக்குள் கிரீஸ் இறுகி, மிதித்தால் சக்கரம் பிடிக்காமல் பெடல் மட்டும் சுற்றும், அதற்கு லேசான எண்ணெய் மாற்ற வேண்டும். சைக்கிளைச் சூடான வீட்டுக்குள்ளும் வெளியிலும் மாற்றி மாற்றி வைக்காதீர்கள், கேபிளுக்குள் தண்ணீர் கோத்து உறையும்.

நம்ம ஊருக்கும் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றங்கரை ரோட்டில் போகிறவர்கள் மட்கார்டை டயருக்கு ஒட்டி வைக்காதீர்கள். களி அப்பிக்கொண்டால் சக்கரம் நின்றுவிடும். ஒரு குச்சி வைத்துக்கொள்ளுங்கள். நெல் மேல் ஏற வேண்டி வந்தால் ஹேண்டிலை நேராகப் பிடித்து, மிதிக்காமல், அதன் போக்கில் விடுங்கள். டைனமோ விளக்கை நம்பாதீர்கள், வேகம் குறைந்தால் வெளிச்சமும் போய்விடும். அப்புறம் பின்னால் சிவப்பு விளக்கு...

பாமணி ஆறு

தம்பி, கேட்டது அனுபவம். நீங்கள் சர்வீஸ் புத்தகத்தையே இறக்கிவிட்டீர்கள்.

நான் அமெரிக்காவில் மினியாபொலிஸில் இருந்தேன். அங்கே மிட்டவுன் கிரீன்வே என்று பழைய ரயில் பள்ளத்தில் போட்ட பாதை ஒன்று உண்டு. பெரும்பகுதி ரோட்டு மட்டத்துக்குக் கீழே போகும், அங்கே குறுக்கே வண்டி வராது, மேலே வரிசையாகப் பாலங்கள். அகலமான பாதை, வண்டி இறங்கித் தள்ளுவதில் கஷ்டமே இல்லை. ஒரு புயல் நாளில் மேலே தெருவில் கார்கள் சிக்கி நிற்கின்றன, கீழே தரை தெரியத் தள்ளிவிட்டிருந்தார்கள். கார்காரர் ஒருவர் பாலத்தின் மேலிருந்து என்னைப் பார்த்தார். முறைத்தார் என்றுகூடச் சொல்லலாம்.

முதலில் எழுதியவருக்கு ஒன்று. கல் தடுப்பே தப்பு என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள், எனக்கு ஒப்புதல் இல்லை. கனடாவின் மாண்ட்ரியாலில் செயின்ட்-டெனி ரோட்டில் 2020-இல் போட்ட விரைவு சைக்கிள் பாதையும் தடுப்பு வைத்ததுதான், குளிர்காலத்திலும் திறந்திருக்கிறது. ஸ்டாக்ஹோமில் முன்னால் சுழலும் பிரஷ், பின்னால் உப்புத் தண்ணீர் என்று சின்ன வண்டி ஓடுகிறது. வண்டி வாங்கக் காசு ஒதுக்கவில்லை என்றால் அதைச் சொல்லுங்கள், கல் என்ன செய்யும்?

பேராவூரணி மெஷின்

இத்தனை பேர் எழுதியதைப் படித்துக்கொண்டே வந்தேன். அந்த மாதிரிச் சின்ன வண்டியை ஓட்டுகிறவன் நான். ஊரில் கதிர் அறுக்கும் மெஷின் ஓட்டினேன், இங்கே வந்து (நானும் ஊர் பெயர் சொல்லவில்லை) ஒரு காண்டிராக்ட் கம்பெனியில் நடைபாதை, சைக்கிள் பாதை வேலை.

நீங்கள் ஏழு மணிக்குப் பார்ப்பதை வைத்துப் பேசுகிறீர்கள். நான் மூன்று மணிக்கு அந்தப் பாதையைச் சுத்தமாக எடுத்திருப்பேன். நாலரைக்கு ரோட்டுக்காரன் பெரிய வண்டியில் வந்து அத்தனையையும் திரும்ப என் பக்கம் வாரி அடித்துவிட்டுப் போவான். அவன் வேறு காண்டிராக்ட், எனக்கும் அவனுக்கும் பேச்சே கிடையாது. ஆறு மணிக்கு வீட்டுக்காரர்கள் வாசல் பனியை வெட்டிப் பாதையில் போடுவார்கள். குப்பை நாள் என்றால் தொட்டிகள் வரிசையாகப் பாதைக்குள்தான். இறங்கி ஒவ்வொன்றாக நகர்த்தி, ஏறி, தள்ளி, மறுபடி இறங்கி. பனி விழும் முன்பே ஓரக் கல் பக்கத்தில் அடையாளக் குச்சி நட்டால்தான் அடியில் கல் எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். நடாத தெருவில் பிளேடு போய்க் கல்லில் மோதினால் பல் ஆடிவிடும், உங்களுக்கல்ல, எனக்கு.

ஒரு நாள் விடியற்காலை, பனி விழுந்துகொண்டே இருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரு சின்ன விளக்கு. ஒரு பெண், சைக்கிளில். நான் நடை வேகத்தில்தான் போவேன். ஒதுங்கி வழி விட்டேன், அவர் முந்தவில்லை. கையை ஆட்டி 'போ போ' என்றார். என் பிரஷ் எடுத்த ஈரத் தார் மேல், எனக்குப் பின்னாலேயே வந்தார். ஒரு ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் மணியை இரண்டு தரம் அடித்துவிட்டு உள்ளே திரும்பினார். மேல்கோட்டுக்குக் கீழே நர்ஸ் பேன்ட் தெரிந்தது. அதற்கப்புறம் பனி விழும் நாளில் அந்தத் தெருவை முதலில் எடுக்கிறேன். வரிசைப்படி அது கடைசியில் வர வேண்டிய தெரு, சூப்பர்வைசருக்குத் தெரியாது.

வெண்ணாற்றங்கரை

பாமணி அண்ணே, கல்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்குள் போகிற வண்டியை முதலில் அளந்துவிட்டுக் கல்லை வையுங்கள் என்கிறேன்.

பேராவூரணி, உங்கள் பிரஷ் எத்தனை அடி?

பேராவூரணி மெஷின்

ஐந்து. பாதை ஆறு அடி இருந்தால் நிம்மதியாக ஓட்டலாம், ஐந்தரையில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான். புதுப் பாதை ஒன்று வரைகிறார்கள் என்று கேள்விப்பட்டு, படம் போடுவதற்கு முன் எங்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்பினோம். இன்னும் பதில் இல்லை.

சைக்கிள் கடை பேரன்

அண்ணே, அந்த நர்ஸ் அக்காவிடம் சொல்லுங்கள், பிரஷ்ஷுக்குப் பின்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு வரச் சொல்லி. உப்புத் தண்ணீர் தெறித்தால் செயின் போய்விடும்.