பம்புசெட்டு லோரா கட்டளைக்கு எந்தக் குறியாக்கம் சரி?

கோரையாற்றங்கரை எழுதியது:

வணக்கம். எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம். நான்கு குடும்பத்துக்குப் பொதுவாக ஒரு போர், ஏழரை குதிரைத்திறன் மோட்டார். குறுவைக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுகிறோம். வயலில் ஓட்டை போட்ட பிவிசி குழாய் புதைத்து, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் மோட்டார் போடுவது வழக்கம். குழாய்க்குள் சென்சார் வைத்துவிட்டேன். அதில் ஏடிமெகா328 என்ற சின்னக் கட்டுப்பாட்டு சிப், சின்ன சோலார், பேட்டரி. வீட்டில் வைஃபை உள்ள இஎஸ்பி32 சிப் இருக்கிறது. மோட்டார் கொட்டகையில் வைஃபை எட்டாது என்பதால் அங்கேயும் ஒரு ஏடிமெகாவும் ரிலேயும். மூன்றும் 866 மெகாஹெர்ட்ஸில் லோரா என்ற, தூரம் எட்டும் ரேடியோ வழியாகப் பேசுகின்றன. வீட்டிலிருந்து இணையம் வழியாக, எம்க்யூடிடி என்ற செய்தி அனுப்பும் முறையில் செல்போனுக்குச் செய்தி வரும்.

இப்போது எல்லாம் வெறும் எழுத்தாகவே போகிறது. பக்கத்து ஊரில் ஒருவர் இதே மாட்யூல் வாங்கியிருக்கிறார். அவருடைய செய்திகள் என் ரிசீவரில் வருகின்றன. அப்படியென்றால் என் "மோட்டார் ஆன்" அவருக்கும் போகும், வேறு யாரும் அதை அனுப்பவும் முடியும்.

ஏஇஎஸ் குறியாக்கத்தில் சாவி (பூட்டவும் திறக்கவும் உதவும் ரகசிய எண்) 128 பிட் போதுமா, 256 வேண்டுமா? பூட்ட ஒன்று, திறக்க ஒன்று என இரண்டு சாவி வைக்கும் ஆர்எஸ்ஏ கட்டாயமா? 2 கேபி ராம் உள்ள சிப்பில் இதெல்லாம் ஓடுமா?

வெட்டாறு எழுதியது:

256 போட்டுவிடுங்கள். சாவி பெரிதாக இருந்தால் உடைப்பது கடினம். சிப்பில் தாராளமாக ஓடும்.

அரசலாறு எழுதியது:

தம்பி, நான் கும்பகோணம். மின்மீட்டர் போன்ற கருவிகளுக்குள் ஓடும் மென்பொருள் எழுதுவதுதான் என் வேலை. 128-ஆ 256-ஆ என்பதில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். 128 பிட் சாவியை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. 256 போட்டால் கணக்கு 10 சுற்றுக்குப் பதில் 14 சுற்று ஓடும், பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.

உங்களுக்கு எது முக்கியம் என்று முதலில் பாருங்கள். குழாயில் தண்ணீர் 12 செ.மீ. இறங்கியிருக்கிறது என்பதை அடுத்தவர் படித்தால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் "ஆன்" என்ற கட்டளை உங்களிடமிருந்துதான் வந்தது என்பது கொட்டகைக்கு உறுதியாகத் தெரிய வேண்டும். வெறும் ஏஇஎஸ் மறைக்க மட்டுமே செய்யும், அனுப்பியது யார் என்று சொல்லாது. அதனால் மறைப்பதையும், சாவி உள்ளவர்தான் அனுப்பினார் என்று காட்டும் முத்திரை வைப்பதையும் சேர்த்தே செய்யும் முறை வேண்டும். ஏஇஎஸ்-சிசிஎம், ஏஇஎஸ்-ஜிசிஎம், சாச்சா20-பாலி1305, அஸ்கான் எல்லாம் அந்த வகை. அஸ்கான் சின்னக் கருவிகளுக்கென்றே வந்தது. அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2023-இல் தேர்ந்தெடுத்து 2025-இல் தரமாக வெளியிட்டது. கணக்குப் போடும்போது அது நினைவில் வைக்கும் உள்நிலை 40 பைட்டுதான், உங்கள் 2 கேபியில் நன்றாக அடங்கும். நன்கு சோதித்த நூலகம் கிடைத்தால் அதை எடுங்கள். இல்லையென்றால் ஏஇஎஸ்-128 சிசிஎம், 8 பைட் முத்திரையோடு. என் வாக்கு சிசிஎம்முக்குத்தான், ஏனென்றால் வீட்டிலுள்ள இஎஸ்பி32-வில் ஏஇஎஸ் வன்பொருளிலேயே இருக்கிறது.

ஆர்எஸ்ஏ வயலுக்கு வேண்டாம். 2048 பிட் ஆர்எஸ்ஏ கையொப்பம் ஒன்றே 256 பைட். உங்கள் லோரா சிப் ஒரு பாக்கெட்டில் 255 பைட்டுக்கு மேல் அனுப்பாது.

இனிச் சொல்வதுதான் என்னைக் கவலைப்பட வைப்பது. குறியாக்கம் செய்த உங்கள் "ஆன்" செய்தியை ஒருவன் அப்படியே பதிவு செய்து, ராத்திரி இரண்டு மணிக்குத் திரும்ப அனுப்பினால்? அவன் எதையும் உடைக்கத் தேவையில்லை. முத்திரை சரியாக இருக்கும், மோட்டார் ஓடும். இதைத் தடுக்க ஒவ்வொரு செய்தியிலும் ஏறிக்கொண்டே போகும் ஓர் எண் வேண்டும். கடைசியாக ஏற்ற எண்ணைவிடப் பெரியதாக இருந்தால்தான் கொட்டகை ஏற்க வேண்டும். அந்த எண்ணையே சிசிஎம் கேட்கும் நான்ஸாகவும் (ஒரு சாவியில் ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டிய எண்) வைத்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்தில் சிக்கல் எங்கே வரும் என்றால், ஐப்பசி கார்த்திகை மழையில் நாள் கணக்கில் வெயில் இருக்காது. பேட்டரி இறங்கி சென்சார் அணைந்துவிடும். மறுபடி உயிர் வரும்போது எண் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் பழைய நான்ஸ் திரும்ப வருகிறது. ஒரே சாவியில் ஒரே நான்ஸ் இரண்டு முறை வந்தால் இரண்டு செய்தியையும் ஒப்பிட்டே உள்ளே இருப்பதை ஊகித்துவிடலாம். ஜிசிஎம்மில் இன்னும் மோசம், போலி முத்திரையே தயாரிக்க வழி கிடைத்துவிடும். எனவே எண்ணை, மின்சாரம் போனாலும் அழியாத ஈப்ராம் நினைவகத்தில் எழுதுங்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் எழுதாதீர்கள். அந்த ஈப்ராமுக்கு ஓரிடத்தில் 1,00,000 முறை எழுதும் ஆயுள்தான். கால் மணிக்கு ஒரு செய்தி என்றால் வருஷத்துக்கு 35,000 தாண்டும், மூன்று வருஷத்தில் அந்த இடம் முடிந்தது. நூறு நூறாக முன்கூட்டியே ஒதுக்கி எழுதி, அணைந்து எழுந்தால் அடுத்த நூறுக்குத் தாவச் சொல்லுங்கள்.

சாவி கருவிக்கு ஒன்று, தனித்தனியாக. வெள்ளத்தில் ஒரு குழாய் அடித்துக்கொண்டு போய் யார் கையிலாவது சிக்கினால் அந்த ஒரு சாவியை மட்டும் நீக்கினால் போதும். 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அது எந்தக் குறியாக்கத்தையும் உடைக்கவில்லை. கம்பெனி வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாமல் விட்டிருந்தார்கள், அதுவே போதுமானதாக இருந்தது.

கோரையாற்றங்கரை எழுதியது:

ரொம்ப நன்றி அக்கா. பழைய செய்தியைத் திரும்ப அனுப்பலாம் என்பது என் யோசனையிலேயே வரவில்லை. சாவியைக் கருவிக்குள் எப்படி ஏற்றுவது? லோராவிலேயே அனுப்பலாமா? வீட்டிலிருந்து இணையத்துக்குப் போகும் பாதைக்கும் இதே முறைதானா?

அரசலாறு எழுதியது:

காற்றில் சாவி அனுப்பவே வேண்டாம். வீட்டு மேசையில் வைத்து, லேப்டாப்பில் இயங்குதளம் தரும் ராண்டம் எண்ணிலிருந்து 16 பைட் எடுத்து, கேபிளில் ஏற்றுங்கள். சிப்புக்கு நிரல் எழுத உதவும் ஆர்டுயினோவின் ராண்டம் கட்டளையை இதற்கு நம்பாதீர்கள், அதன் எண்ணை ஊகித்துவிடலாம். ஏற்றி முடித்ததும் ஏடிமெகாவில் லாக் பிட் என்ற பூட்டைப் போட்டுவிடுங்கள், நிரல் ஏற்றும் கருவியான புரோகிராமர் வைத்துப் படிக்க முடியாது. இஎஸ்பி32-வில் அதன் நினைவகத்தையே மறைக்கும் ஃபிளாஷ் குறியாக்கம் தனியாக இருக்கிறது. நிரலை எல்லாரும் பார்க்கும்படி கிட்ஹப் தளத்தில் போடுவதாக இருந்தால் சாவிக் கோப்பு அதில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இணையப் பக்கத்துக்கு நீங்களாக எதுவும் எழுத வேண்டியதில்லை. இணையத்தில் வழக்கமாகப் பயன்படும் குறியாக்கமான டிஎல்எஸ் 1.2 அல்லது 1.3 போதும், எம்க்யூடிடிக்கு 1883-க்குப் பதில் டிஎல்எஸ் உள்ள 8883 போர்ட். பிழை வருகிறதே என்று சான்றிதழ் சோதனையை அணைத்துவிடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது, அதைச் செய்யாதீர்கள். எதிரே இருப்பது உங்கள் சர்வர்தானா என்று பார்ப்பதே அந்தச் சோதனைதான். சான்றிதழின் காலக்கெடுவைப் பார்க்க இன்றைய தேதி தெரிய வேண்டும். கரண்டு போய் வந்தால் இஎஸ்பி32 தேதியை மறந்துவிடும், முதலில் இணையத்திலிருந்து நேரம் தரும் என்டிபியில் நேரம் வாங்கச் சொல்லுங்கள்.

கடைமடைக்காரன் எழுதியது:

தம்பி, நான் திருத்துறைப்பூண்டி பக்கம், மோட்டார் ஸ்டார்ட்டர் வேலை பார்க்கிறவன். அரசலாறு அம்மா சொன்னதெல்லாம் சரி. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 866-இல் யாராவது இடைவிடாமல் இரைச்சல் கிளப்பினால் உங்கள் "ஆஃப்" போய்ச் சேராது, அதற்குக் குறியாக்கம் உதவாது. அதனால் "ஆன்" என்று அனுப்பாமல் "40 நிமிஷம் ஓடு" என்று அனுப்புங்கள். நேரம் முடிந்ததும் கொட்டகைக் கருவி தானாக நிறுத்தட்டும், மேலும் ஓட வேண்டுமென்றால் புதுக் கட்டளை. தண்ணீர் இல்லாமல் ஓடினால் வெட்டும் ரிலேயை ஸ்டார்ட்டரிலேயே தனியாக வையுங்கள், அது லோராவை எதிர்பார்க்கக் கூடாது. கையால் அமுக்கும் பச்சை, சிவப்பு பொத்தானையும் கழற்ற வேண்டாம். நான்கு குடும்பத்தில் செல்போன் பார்க்காதவர் ஒருவராவது இருப்பார்.