மதுரையிலிருந்து தேரிக்காட்டுக்கு ஒரே நாளில் போய் வர முடியுமா?

செல்லூர்க்காரி கேட்டது:

பள்ளியில் பாலைவனப் பாடம் நடத்தியதிலிருந்து மகன் மணல்மேடு பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். ராஜஸ்தானுக்கு இப்போதைக்கு வழியில்லை. திருச்செந்தூர் பக்கம் செம்மணல் தேரி இருக்கிறதாமே? பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொந்தக் காரில் போகலாம் என்றிருக்கிறோம். நாங்கள் இருவர், பிள்ளைகள் இரண்டு பேர், முழங்கால் வலியோடு என் அத்தை. இரவுக்குள் வீடு திரும்ப முடியுமா? அத்தையை எங்கே உட்கார வைப்பது?

காயாமொழிக்காரர் (இப்போது திருநகர்):

நான் பிறந்து வளர்ந்த மண் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். தாராளமாகப் போய் வரலாம், நேரத்தை மட்டும் கோட்டை விட்டுவிடாதீர்கள். விடிகாலை 4 மணிக்குக் கிளம்புங்கள். அருப்புக்கோட்டை, எட்டயபுரம், தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூர் சுமார் 180 கிலோமீட்டர். முருகனைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம், முதலில் காயாமொழி வழியாகத் தேரிக்குடியிருப்புக்குப் போய்விடுங்கள். பங்குனி வெயிலில் 10 மணிக்கு மேல் அந்த மணல் சுடும்.

கற்குவேல் அய்யனார் கோயில் பக்கம் வண்டியை நிறுத்துங்கள். தார்ச்சாலையை விட்டு ஒரு சக்கரத்தைக்கூட இறக்க வேண்டாம். போன வருடம் என் மைத்துனர் "கொஞ்ச தூரம்தானே" என்று இறக்கினார். மிதிக்க மிதிக்க வண்டி உள்ளேதான் போனது. பனையேறும் அண்ணாச்சி ஒருவர் வந்து, டயரில் பாதிக் காற்றைப் பிடுங்கச் சொல்லி, காய்ந்த பனைமட்டைகளை வரிசையாகப் போட்டு ஏற்றிவிட்டார்.

உள்ளே நடந்தால் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி மேடு, ஒரே மாதிரி பனை. காற்றடித்தால் கால்தடமும் அழிந்துபோகும். எங்கள் ஆச்சி விறகு பொறுக்கப் போகும்போது முதல் மேட்டு உடைமரத்தில் பழைய சேலைத்துணியைக் கட்டிவிட்டுத்தான் அப்பால் போவார். நீங்களும் கட்டுங்கள், வரும்போது அவிழ்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு ஷூதான் நல்லது. உடைமுள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும்.

மகனை ஒரு கை மணல் அள்ளி உதறச் சொல்லுங்கள். உள்ளங்கை ரேகைகளில் செம்பொடி ஒட்டி நிற்கும். மணல்துகளின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடுதான் அந்த நிறம். ராஜஸ்தான் மாதிரி வறண்ட பாலை இல்லை இது, அதையும் அவனிடம் சொல்லுங்கள். பெய்கிற மழையை உடனே குடித்து அடியில் வைத்துக்கொள்ளும். அதனால்தான் பனையும் கொல்லாமரமும் (முந்திரி) நிற்கின்றன. கூரான சின்னக் கல்சில்லு கண்ணில் பட்டால் எடுக்க வேண்டாம். ஆதிமனிதரின் நுண்கற்கருவிகள் கிடைத்த தேரிகள் இவை.

உடன்குடிக்காரர்:

அத்தைக்கு மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சரியாக இருக்கும். சுனை உண்டு, மரநிழல் உண்டு, தேரியும் பக்கத்திலேயே. வழியில் பதநீர் கிடைத்தால் காலையிலேயே குடித்துவிடுங்கள், வெயில் ஏறினால் புளிக்கும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும். அப்புறம், கருப்பட்டி வாங்காமல் ஊர் திரும்பாதீர்கள்.

செல்லூர்க்காரி:

ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். பழைய சுங்குடிச் சேலை ஒன்றை இப்போதே கிழித்து, மடித்து வைத்துவிட்டார்.