கமிட்டுக்கு இனி ‘சமர்ப்பி’ பொருந்தாது, ‘பதிகை’ என்று வைக்கலாமா?

நண்பர்களே,

திட்டத்தின் மூலநிரலை, நிரலில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கருவியான சப்வெர்ஷனிலிருந்து அதே வகைக் கருவியான கிட்டுக்கு மாற்றும் வேலை ஏறத்தாழ முடிந்துவிட்டது, இனி பங்களிப்பாளர் வழிகாட்டியின் தமிழ் வடிவத்தைப் புதுப்பிக்க வேண்டும். களஞ்சியம், கிளை, முரண் என்ற சொற்கள் எல்லாம் அப்படியே இருக்கட்டும். செய்த மாற்றத்தை அந்த வரலாற்றில் சேர்க்கும் கட்டளையான ‘கமிட்’டுக்கு இதுவரை எழுதிவந்த ‘சமர்ப்பி’யை மட்டும் மாற்றியே ஆகவேண்டும் என்று நினைக்கிறேன்.

பழகிய சொல்லை ஏன் கலைக்க வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். சப்வெர்ஷனில் அது சரியான சொல்லும்கூட. அங்கே கமிட் கொடுத்ததும் மாற்றம் மையச் சேவையகத்துக்குப் போய்விடும், எல்லாருக்கும் பொதுவான ஒரு திருத்த எண் விழும், தவறு இருந்தால் அதைச் சரிசெய்ய இன்னொரு கமிட் அனுப்ப வேண்டியதுதான். கிட்டில் கமிட் செய்தால் எதுவும் எங்கும் போவதில்லை. இணையமே இல்லாமல் எத்தனை கமிட் வேண்டுமானாலும் போடலாம், கடைசியாகப் போட்டதை ‘அமெண்ட்’ கொடுத்துத் திருத்தலாம், வரிசை மாற்றலாம், இரண்டை ஒன்றாக்கலாம், பிடிக்காவிட்டால் யாருக்கும் தெரியாமல் நீக்கியும் விடலாம். மற்றவர்களுக்குப் போய்ச் சேருவது ‘புஷ்’ கொடுத்துச் சேவையகத்துக்கு அனுப்பிய பிறகுதான். புதிதாக வருபவர் வழிகாட்டியில் ‘சமர்ப்பிக்கவும்’ என்று படித்து, கட்டளையைக் கொடுத்துவிட்டு, வேலை நம்மிடம் வந்துவிட்டது என்று நம்பிக் கணினியை மூடிவிடுவார். நிரல் அவருடைய வட்டிலேயே கிடக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கிட் ஒவ்வொரு கமிட்டிலும் இரண்டு பெயர்களை வைக்கிறது, மாற்றத்தை எழுதியவர் பெயர் ஒன்று, அதைக் கமிட் செய்தவர் பெயர் ஒன்று. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருநிரலுக்காக (கெர்னல்) கிட்டை எழுதியபோது அங்கே ஒட்டுகள் (பேட்ச், அதாவது மாற்றத்தை மட்டும் கொண்ட கோப்புகள்) மின்னஞ்சலில் வரும், பராமரிப்பவர் வாங்கிப் பார்த்துச் சேர்ப்பார், அந்த வழக்கத்துக்கு இந்த இரண்டு பெயர்களும் தேவைப்பட்டன. ‘கமிட்டர்’ என்பதைச் ‘சமர்ப்பித்தவர்’ என்று எழுதினால் படிப்பவர் யாரை நினைப்பார்? ஒட்டை எழுதி அனுப்பியவரைத்தான். பொருள் தலைகீழாகிவிடுகிறது.

‘உறுதிசெய்’ என்று சிலர் எழுதுகிறார்கள், ஆனால் இடைமுகத்தில் ‘நிச்சயமாக அழிக்கவா?’ என்று கேட்கும் இடத்திலெல்லாம் அதே சொல் ஏற்கெனவே இருக்கிறது. ‘பதிவு’ பொருளில் சரிதான், ஆனால் வலைப்பதிவும் பதிவுதான், கணக்குத் தொடங்குவதும் பதிவுதான், பதிவிறக்கம், பதிவேற்றம் வேறு. ஆகவே அதே வேரிலிருந்து ‘பதிகை’ என்று எடுக்கலாம் என்பது என் பரிந்துரை. வருகை, சேர்க்கை போல இயல்பாகவே விழுகிறது. வினைக்குப் ‘பதிகையிடு’, கமிட் மெசேஜுக்குப் ‘பதிகைக் குறிப்பு’, கமிட்டருக்குப் ‘பதிகையிட்டவர்’, ஆத்தருக்கு எளிதாக ‘எழுதியவர்’. ‘பதிப்பு’ என்ற சொல்லோடு ஒலியில் நெருங்குகிறது என்ற குறை உண்டு, எனக்கும் அது உறுத்துகிறது, ஆனாலும் ஒரு வாக்கியத்தில் வைத்துப் படித்தால் குழப்பம் வரவில்லை.

கலைச்சொல் ஒரு கருவியோடு கட்டுப்பட்டுக் கிடக்கக்கூடாது என்பதையும் பாருங்கள். பைத்தான் நிரல்மொழித் திட்டம் சிவிஎஸ் என்ற இதே வகைப் பழைய கருவியிலிருந்து 2005இல் சப்வெர்ஷனுக்கும், 2011இல் மெர்க்குரியலுக்கும், 2017இல் கிட்டுக்கும் போனது. லினக்ஸ் பணிமேடை மென்பொருள் உருவாக்கும் கேடிஈ திட்டம் மூலநிரலைக் கிட்டுக்குக் கொண்டுபோன பிறகும் மொழிபெயர்ப்புக் கோப்புகளைச் சப்வெர்ஷனிலேயே வைத்திருந்தது, ஒரே திட்டத்துக்குள் இரண்டு கருவிகளும் இருந்தன. சேவையகத்தில் பதிந்தாலும் சொந்தக் கணினியில் பதிந்தாலும் பதிகை பதிகைதான்.

‘சமர்ப்பி’யைத் தூக்கிப்போட வேண்டாம். ‘என் மாற்றங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று திட்டத்தைக் கேட்கும் புல் ரிக்வெஸ்ட் திறக்கும் இடத்துக்கு அது அழகாகப் பொருந்தும், ‘மாற்றங்களைப் பரிசீலனைக்குச் சமர்ப்பி’ என்று பொத்தானில் எழுதினால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அதற்கு ‘இழு கோரிக்கை’ என்று எழுதியிருப்பதையும் அப்போதே எடுத்துவிடலாம்.

அப்புறம் ‘ஸ்டேஜ்’. ‘மேடை’ வேண்டாம். அடுத்த பதிகைக்கு என்று சில கோப்புகளைத் தனியே ஒதுக்குவதுதானே அது, ‘எடுத்துவை’ என்று எழுதிப் பார்த்தேன், ‘எடுத்துவைத்த கோப்புகள்’ என்று திரையில் வரும்போது நன்றாகத்தான் இருக்கிறது. மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லை ஒரு முழு வாக்கியத்தில் வைத்துக் காட்டுங்கள், மொழிபெயர்ப்புகள் இருக்கும் பிஓ கோப்பைத் திருத்துவதற்கு முன் ‘பதிகை’, ‘எடுத்துவை’ இரண்டையும் முடிவு செய்துவிடலாம்.