லோ சுகர்: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

ஈரோட்டு மகன்

போன புதன், விடியற்காலை மூன்றரை மணி. அப்பா கட்டிலில் உட்கார்ந்து லுங்கி முடிச்சை அவிழ்க்கிறார், கட்டுகிறார், மறுபடியும் அவிழ்க்கிறார். "பாத்ரூம் போகணுமாப்பா?" என்றால் "பஸ் வந்துடுச்சா?" என்கிறார். ஃபேன் ஓடுகிறது, ஆனால் பனியன் பிழிந்தால் தண்ணீர் சொட்டும்.

இருபது வருஷச் சுகர். ராத்திரி 18 யூனிட் இன்சுலின். முந்தின நாள் மதியம் கல்யாணச் சாப்பாடு, அது செரிக்கவில்லை என்று ராத்திரி ஒரே ஒரு இட்லி. ஊசி மட்டும் வழக்கம்போல. எனக்குப் பக்கவாதம் என்றுதான் தோன்றியது, 108க்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மாதான் பேசாமல் போய் மீட்டரை எடுத்து வந்து விரலில் குத்தினார். சுகர் 41.

சர்க்கரைத் தண்ணீர் குடித்துக் கால் மணி நேரம் இருக்கும், "நீ ஏன்டா தூங்காம நிக்கிற?" என்று என்னைக் கேட்கிறார். நடந்தது ஒன்றும் அவருக்கு ஞாபகமில்லை. எனக்கு அந்த முடிச்சு கண்ணிலேயே நிற்கிறது.

டவுன் பஸ் பயணி

உங்கள் அப்பாவுக்கு வீடாவது இருந்தது. எனக்கு நடந்தது பஸ்ஸில். மாத்திரை போட்டுவிட்டு டிபனைத் தள்ளிப்போட்ட நாள். டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணுகிறேன், ஐந்து ரூபாய்க் காசும் இரண்டு ரூபாய்க் காசும் ஒன்றாகத் தெரிகின்றன. நாக்கு குழறுகிறது. "காலையிலேயே போட்டுட்டு வந்துட்டான்" என்று பின்னால் ஒரு குரல். கண்டக்டர் அடுத்த நிறுத்தத்தில் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

அங்கே பூ விற்கும் அம்மாதான் முகத்தைப் பார்த்து, "சுகரா தம்பி?" என்று கேட்டுப் பக்கத்துக் கடையில் டீ வாங்கி, நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுத்தார். அவர் வீட்டுக்காரருக்கும் உண்டாம். அன்றிலிருந்து பையில் எப்போதும் கடலை மிட்டாய் வைத்திருக்கிறேன்.

ரிட்டயர்டு சிஸ்டர்

தம்பி, கடலை மிட்டாயைத் தின்னுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் லோவுக்கு அது ஆகாது. கடலையில் இருக்கும் எண்ணெய், இனிப்பை ரத்தத்தில் சீக்கிரம் ஏறவிடாது. சாக்லேட்டும் அப்படித்தான்.

மாமியாருக்கு இரண்டு முறை ஆகி நானே பார்த்திருக்கிறேன், அந்தக் கதை இருக்கட்டும். 70க்குக் கீழே போனாலே லோதான், 41 வரை காத்திருக்க வேண்டாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. ஏறினதும் இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிட வேண்டும், இல்லையென்றால் திரும்ப இறங்கும். சர்க்கரையே இல்லாத டயட் கோலாவைக் கொடுத்துவிட்டு ஏன் ஏறவில்லை என்று கேட்டவர்களும் உண்டு.

வோக்லிபோஸ், அக்கார்போஸ் என்ற சுகர் மாத்திரை போடுகிறவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது. அந்த மாத்திரை குடலில் சர்க்கரை உடைவதைத் தடுக்கிறது. அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பவுடர் இருக்க வேண்டும். பி.பி.க்கு மெட்டோப்ரொலால் மாதிரி மாத்திரை போட்டால் படபடப்பு தெரியாமலே போகலாம், வேர்வை ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையில் வந்த லோ ஏறிவிட்டு மறுபடி இறங்கும், அதனால்தான் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் படுக்க வைக்கிறார்கள், பில் போடுவதற்கு இல்லை.

நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நேரே 108தான். ஈரோட்டுத் தம்பி, அப்பாவுக்குக் கடைசியாகக் கிட்னிக்கான கிரியாட்டினின் டெஸ்ட் எப்போது பார்த்தீர்கள்?

வேலூர் வாசி

எங்கள் வீட்டில் தப்பு என்னுடையதுதான். மனைவியின் இன்சுலின் பேனா கீழே விழுந்து உடைந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை, மருந்துக்கடை பூட்டியிருந்தது. பழைய சிவப்பு மூடி ஊசி ஒன்று வீட்டில் கிடந்தது. பேனாவுக்குள் இருந்த கார்ட்ரிட்ஜிலிருந்து அதில் 20 கோடு வரைக்கும் நானே இழுத்துப் போட்டேன். சிவப்பு மூடி ஊசி, ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும் மருந்துக்கு. பேனா கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100. இருபது என்று நினைத்துப் போட்டது ஐம்பது யூனிட்.

ஒரு மணி நேரத்தில் அவள் அடுப்படியில் தரையோடு உட்கார்ந்துவிட்டாள். கையிலிருந்த கரண்டியை விடவே இல்லை. ஆஸ்பத்திரியில் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தார்கள். 100க்கான ஊசிக்கு ஆரஞ்சு மூடி என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இயற்கை விரும்பி

இவ்வளவு பாடும் எதற்கு? ஊசியை விட்டுத் தொலைத்தால் லோவே வராது. என் சித்தப்பா ஆறு மாதமாக ஆவாரம்பூக் கஷாயம்தான், சுகர் இருக்கிற இடமே தெரியவில்லை. மருந்துக் கம்பெனிக்காரன் பிழைக்க நாம் குத்திக்கொள்கிறோம்.

நாலாம் வகுப்பு அம்மா

இயற்கை விரும்பி ஐயா, சித்தப்பா டெஸ்ட் எடுத்துப் பார்த்தாரா, தெரியவில்லை என்று சொன்னாரா? என் பையனுக்கு ஒன்பது வயது, டைப் 1. அவன் உடம்பில் இன்சுலின் சுரக்காது. 1922இல் டொரண்டோவில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் ஊசி போடும் வரை, இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பட்டினி போட்டு நாளைத் தள்ளினார்கள், அவ்வளவுதான். கஷாயத்தைச் சித்தப்பாவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மறக்காதது அவன் தமிழ் நோட்டு. பி.டி. பீரியடுக்கு அடுத்த வகுப்பு. மேல் நாலு வரி குண்டு குண்டாக அழகான எழுத்து. ஐந்தாவது வரியில் கோட்டை விட்டுக் கீழே இறங்குகிறது. ஏழாவது வரியில் 'மழை'யின் ழகரம் பக்க ஓரம் வரைக்கும் ஒரே கோடாக இழுத்துக்கொண்டு போகிறது. பிஸ்கட்டை எடுத்திருக்கிறான், வகுப்பில் தின்னக்கூடாது என்று வாங்கி மேசையில் வைத்துவிட்டார்கள். சாயங்காலம் அதே பாக்கெட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஈரோட்டு மகன்

சிஸ்டர் அக்கா, நேற்று எடுத்தோம். கிரியாட்டினின் 2.1. கிட்னி தளர்ந்தால் போட்ட இன்சுலின் உடம்பில் கூடுதல் நேரம் தங்கிவிடுமாம். 18ஐ 12 ஆக்கியிருக்கிறார் டாக்டர். ஒரு வாரம் ராத்திரி மூன்று மணிக்கு எழுப்பிக் குத்திப் பார்க்கச் சொன்னார். நேற்று 132. இதற்காகவா எழுப்பினாய் என்று அப்பா காலை வரைக்கும் என்னோடு பேசவில்லை.