மேன்முறையீட்டில் விடுதலையான மாமாவுக்கு அரசிடம் நட்டஈடு கேட்க வழி உண்டா?

கொட்டாஞ்சேனை மருமகன்:

வணக்கம். என் தாய்மாமாவுக்காக இதை எழுதுகிறேன். கொழும்பில் முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைத்தவர். இப்போது வயது 61. நகைக்கடைக் கொள்ளை ஒன்றில், கொள்ளையர் தப்பிச் சென்ற வண்டி இவருடையதுதான் என்று சொல்லிப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒன்றரை வருடம் விளக்கமறியலில் இருந்து பிணையில் வந்தார். வழக்கு முடிவில் பத்து வருடக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. அதில் ஐந்து வருடமும் நான்கு மாதமும் கழிந்த பிறகு மேன்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. அடையாள அணிவகுப்புக்கு முன்னரே சாட்சிக்கு மாமாவைப் பொலிஸ் நிலையத்தில் வைத்துக் காட்டியிருக்கிறார்கள் என்பதும், அந்தச் சாட்சியத்தை ஒதுக்கிவிட்டால் வழக்கில் வேறொன்றும் மிஞ்சவில்லை என்பதும் தீர்ப்பிலேயே எழுதப்பட்டுள்ளன. தீர்ப்பு வந்து மூன்று மாதமாகிறது.

சிறை வாசலில் அவர் கையில் இருந்தது ஒரு சொப்பிங் பை மட்டும்தான். இரண்டு சாரம், ஒரு பக்கக் காலை நூலால் கட்டிய மூக்குக் கண்ணாடி, காலாவதியான சாரதி அனுமதிப்பத்திரம். சட்டத்தரணிகளுக்குக் கொடுப்பதற்காக மாமி தாலிக்கொடியை விற்றார். வண்டியின் லீசிங் காசையும் வீட்டில் தையல் தைத்துக் கட்டி முடித்தார். அந்த வண்டி வழக்குப் பொருளாக இன்னும் பொலிஸ் நிலைய வளவில்தான் நிற்கிறது. போன கிழமை பார்க்கப் போனோம். ஹூட் கிழிந்து, பின் இருக்கையில் மழைத்தண்ணீர் தேங்கி, மிதிபலகையின் துளை வழியே புல் முளைத்திருந்தது. மாமா ஒன்றும் பேசவில்லை, ஹேண்டிலை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு வந்துவிட்டார்.

அமெரிக்காவில் சிறையில் கழித்த ஒவ்வொரு வருடத்துக்கும் இவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பதாக உறவினர் ஒருவர் சொல்கிறார். இங்கே அப்படி ஏதும் உண்டா? இல்லையென்றால் எந்தக் கதவைத் தட்டுவது?

புதுக்கடைச் சட்டத்தரணி:

தம்பி, தவறாகத் தண்டிக்கப்பட்டவருக்கு அரசு இவ்வளவு செலுத்த வேண்டும் என்று சொல்லும் சட்டம் இலங்கையில் இல்லை. குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசப் பொருத்தனையின் 14ஆம் உறுப்புரையின் ஆறாம் பந்தி அத்தகைய நட்டஈட்டைப் பேசுகிறது. நாம் 1980இலேயே அந்தப் பொருத்தனையை ஏற்றுக்கொண்ட நாடு. ஆயினும் அதை உள்நாட்டுச் சட்டமாக்க வந்த 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தில் அந்தப் பந்தி இடம்பெறவில்லை. அப்படியே இடம்பெற்றிருந்தாலும் உங்கள் மாமாவுக்கு அது பொருந்தியிருக்குமா என்பது வேறு கேள்வி. பின்னர் வெளிவந்த புதிய உண்மையொன்று நீதி தவறியதை ஐயமறக் காட்டும்போதுதான் அந்தப் பந்தி பொருந்தும். சாதாரண மேன்முறையீட்டில் கிடைக்கும் விடுதலையை அது சுட்டுவதில்லை.

ஜெனீவாவுக்கு எழுதலாம் என்று யாராவது சொன்னால் சிங்கராசாவின் வழக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், ஒப்புதல் வாக்குமூலம் ஒன்றை வைத்தே தண்டிக்கப்பட்ட அவருக்கு விடுதலை அல்லது மறுவிசாரணையும் நட்டஈடும் வழங்க வேண்டும் என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் கூறியது. அதைக் கொண்டு அவர் இங்கே உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, அந்தக் குழுவுக்குத் தனிநபர் முறையிட வழிசெய்யும் நெறிமுறையை 1997இல் ஏற்றுக்கொண்டதே அரசியலமைப்புக்கு முரணானது என்று 2006இல் தீர்ப்பாயிற்று.

எஞ்சியிருப்பவை இரண்டு வழிகள். முதலாவது, அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழான அடிப்படை உரிமை மீறல் மனு. ஆள் மாறிப் பிடித்துச் சித்திரவதை செய்யப்பட்ட ஜெரால்ட் பெரேராவுக்கு 2003இல் எட்டு இலட்சம் ரூபாவும் மருத்துவச் செலவும் கிடைத்தது இந்த வழியில்தான். ஆனால் அந்த மனு நிறைவேற்றுத் துறையின், நிருவாகத்தின் செயலுக்கு எதிராகத்தான் செல்லும். நீதிபதி தந்த தீர்ப்பு பிழையாகிப்போனது என்பதற்காக அதைத் தாக்கல் செய்ய முடியாது. பொலிஸார் சாட்சிக்கு ஆளை முன்கூட்டிக் காட்டியதை முறையிடலாம்; அதற்குரிய கால எல்லை ஒரு மாதம். சிறையில் இருந்தமையால் மனுச் செய்ய இயலாதவர் விடயத்தில், தடை நீங்கிய நாளிலிருந்தே காலத்தைக் கணக்கிட வேண்டும் என்ற போக்கு நமசிவாயம் எதிர் குணவர்தன (1989) வழக்கில் உண்டு. மாமா வெளியே வந்து மூன்று மாதமாகிறது என்கிறீர்கள். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. செய்திருந்தீர்களா? இல்லையென்றால் இந்தக் கதவு ஏறத்தாழ மூடிவிட்டது.

இரண்டாவது, மாவட்ட நீதிமன்றத்தில் கெடுநோக்கு வழக்குத் தொடுப்புக்கான நட்டஈட்டு வழக்கு. 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின்படி, தன் ஊழியர் செய்த தீங்குக்கு அரசையும் பொறுப்பாக்கலாம். கால எல்லை இரண்டு வருடம். வழக்கு உங்கள் பக்கம் முடிந்த நாளிலிருந்து அது ஓடும். தாக்கல் செய்வதற்கு ஒரு மாதம் முன்னதாகச் சட்டமா அதிபருக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 461ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது, அதைத் தவறவிட்டு மனு தள்ளுபடியானவர்களை நான் பார்த்திருக்கிறேன். நியாயமான காரணம் இல்லாமலும் தீய நோக்கத்தோடும் வழக்கைத் தூண்டினார்கள் என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். குற்றவாளி அல்ல என்று விடுவிக்கப்பட்டது மட்டும் அதற்குப் போதாது. ஆனால் சாட்சிக்கு ஆளைக் காட்டிக்கொடுத்தார்கள் என்று மேன்முறையீட்டு நீதிமன்றமே எழுதியிருப்பது எல்லோருக்கும் கிடைக்காத பலம்.

அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். விடுதலைக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்ய விசேட அனுமதி கேட்கச் சட்டமா அதிபருக்கு ஆறு வாரம் இருந்தது. அப்படி ஏதும் தாக்கலாகவில்லை என்பதைப் பதிவாளர் அலுவலகத்தில் உறுதி செய்துகொண்ட பிறகே மற்ற வேலையில் இறங்குங்கள். செலவுக்கு இயலாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் காரியாலயம் புதுக்கடையிலேயே இருக்கிறது.

வெள்ளவத்தை நந்தினி:

உறவினர் சொன்னது உண்மைதான். அமெரிக்க சமஷ்டிச் சட்டத்தில் 2004 முதல் ஒரு வருடச் சிறைக்கு 50,000 டொலர் வரை, மரண தண்டனைக் கைதியாகக் கழித்த வருடத்துக்கு ஒரு இலட்சம் டொலர் வரை. கலிபோர்னியாவில் நாளொன்றுக்கு 140 டொலர் என்று கணக்கு. ஆனால் அங்கேகூட நீண்ட காலமாக, நட்டஈட்டுக் கோரிக்கைகளை ஆராயும் சபை பரிந்துரைத்த பிறகும் சட்டமன்றம் நிதி ஒதுக்கும் வரை பலர் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் ருதுல் ஷா 1968இல் விடுதலையாகியும் 1982 வரை சிறையில் கிடந்தார். உச்ச நீதிமன்றம் 1983இல் அவருக்குக் கொடுக்கச் சொன்னது மொத்தம் 35,000 ரூபாய்.

எனக்கு உங்கள் மாமாவின் கதையில் வேறொன்று உறைக்கிறது. குருநாகல் வைத்தியர் ஷாபி சிஹாப்தீன் 2019இல் கைதாகிப் பணியிலிருந்து நிறுத்தப்பட்டார்; 2022இல் அவருக்கு நிலுவைச் சம்பளமாக 26 இலட்சத்துக்கும் அதிகமான ரூபா கிடைத்தது, அதை அவர் மருந்து வாங்கவென்று அப்படியே கொடுத்துவிட்டார். அரசாங்க உத்தியோகத்தருக்குச் சம்பளப் பட்டியல் இருக்கிறது, ஆகவே இழந்தது எவ்வளவு என்று எழுதிக் காட்டலாம். ஓட்டோக்காரருக்கு அது எங்கே இருக்கிறது? லீசிங் பற்றுச்சீட்டுகள், தரிப்பிடச் சங்கத்தின் கடிதம், கிராம அலுவலரின் சான்று, மாமி நகை விற்ற சிட்டை ஆகியவற்றை இப்போதே ஒரு கோவையில் சேர்த்துவிடுங்கள். சங்கத்தின் பழைய ஆட்கள் உயிரோடு இருக்கும்போதே கடிதத்தை எடுத்துவிடுவது நல்லது.

ஓய்வுபெற்ற கணக்கு எழுதுவினைஞர்:

சட்டத்தரணி ஐயா சொன்னது தீர்ப்பு கிடைக்கும் வரையான கதை. அதன் பிறகு காசு வருவதற்கு இன்னொரு கதை இருக்கிறது. முப்பது வருடம் அரச கணக்குப் பிரிவில் இருந்தவன், ஆகவே சொல்கிறேன்.

நீதிமன்றம் கட்டளையிட்ட மறுநாளே யாரும் காசோலை எழுதுவதில்லை. கட்டளையின் பிரதி அமைச்சின் சட்டப் பிரிவுக்கு வரும். மேன்முறையீடு செய்வதா என்று கேட்டு அவர்கள் சட்டமா அதிபருக்கு எழுதுவார்கள். செலுத்தலாம் என்று பதில் வந்தால், அந்த வருட ஒதுக்கீட்டில் அதற்குரிய தலைப்பில் காசு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருக்காது. திறைசேரியிடம் கேட்பார்கள். இதற்கிடையில் டிசம்பர் 31 வந்துவிட்டால், செலவாகாத ஒதுக்கீடு திரும்பிப் போய்விடும், ஜனவரியில் மீண்டும் முதலிலிருந்து. இதில் யாருக்கும் உங்கள் மாமாமேல் கோபம் இருக்காது; கோவை ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குத் தானாக நடந்து போகாது, அவ்வளவுதான்.

என் தமக்கையின் காணியில் ஒரு துண்டை வீதி அகலிப்புக்கு எடுத்தார்கள். தொகை தீர்மானமாகிய பின்னும் நான்கு வருடம் காசு வரவில்லை. ஒவ்வொரு முறை போனபோதும் “மேலிடத்துக்கு அனுப்பியாயிற்று” என்ற பதில். கடைசியில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரே ஒரு கேள்வி எழுதினோம்: இந்த இலக்கமுள்ள கோவை இன்று யாருடைய மேசையில், எந்தத் திகதியிலிருந்து இருக்கிறது? தகவல் தருவதா இல்லையா என்பதை அவர்கள் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். பதில் வந்தது, இளஞ்சிவப்பு நாடா கட்டிய அந்தக் கோவை பதினொரு மாதமாக ஒரு கையொப்பத்துக்குக் காத்திருந்தது தெரிந்தது. அடுத்த இரண்டு மாதத்தில் காசு வங்கிக்கு வந்தது. “ஏன் தாமதம்” என்று கேட்டிருந்தால் அரைப் பக்கக் கடிதம்தான் வந்திருக்கும்.

பெரிய வழக்குகளிலும் இதுதான். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் வழக்கில் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபா செலுத்த வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. அவர் தவணை தவணையாகச் செலுத்தி முடிக்க 2024 ஆகிவிட்டது. அங்கே நீதிமன்றமே கண்காணித்துக்கொண்டிருந்தது. உங்களுக்காகக் கண்காணிக்கப்போவது நீங்கள்தான்.

கொட்டாஞ்சேனை மருமகன்:

எல்லோருக்கும் நன்றி. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு நாங்கள் போகவில்லை. அப்படி ஒரு மாதக் கணக்கு இருப்பதே தெரியாது, மாமா வீட்டுக்கு வந்ததே போதும் என்றிருந்தோம். ஆறு வாரத்துக்குள் சட்டமா அதிபர் எதுவும் தாக்கல் செய்யவில்லை என்று இன்று காலை பதிவாளர் அலுவலகத்தில் சொன்னார்கள். தீர்ப்பின் சான்றுறுதிப்படுத்திய பிரதிக்கும் விண்ணப்பித்துவிட்டேன். வண்டியை மட்டுமாவது முதலில் எடுத்துவிட முடியுமா? மாமா அதைத்தான் தினமும் கேட்கிறார்.

புதுக்கடைச் சட்டத்தரணி:

முடியும். வழக்கு விசாரணை நடந்த நீதிமன்றத்தில் நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்திடம் ஒரு கட்டளை கேட்கும் விண்ணப்பம்) ஒன்றைத் தாக்கல் செய்து, விடுதலைத் தீர்ப்பின் பிரதியையும் வாகனப் பதிவுப் புத்தகத்தையும் இணைத்து வழக்குப் பொருளை விடுவிக்கக் கேளுங்கள். லீசிங் முடிந்திருந்தாலும் பதிவுப் புத்தகத்தில் நிறுவனத்தின் பெயர் முழு உரிமையாளராக இன்னும் இருக்கலாம். அதை நீக்கும் கடிதத்தை முதலில் வாங்குங்கள், இல்லாவிட்டால் அன்றைய தினம் வெறுங்கையோடு திரும்ப வேண்டிவரும்.

கட்டளை கிடைத்ததும் வண்டியை இழுத்துக்கொண்டு ஓடிவராதீர்கள். அது நிற்கும் இடத்திலேயே, அந்தப் புல்லோடும் தண்ணீரோடும், நான்கு பக்கமும் நிழற்படம் எடுங்கள். என்ஜின் இலக்கம், சேசிஸ் இலக்கம், மீற்றரில் காட்டும் கிலோமீற்றர் எல்லாம் தெரியட்டும். ஒரு மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போய், பழுது ஒவ்வொன்றையும் எழுதி அவர் கையொப்பத்தையும் வாங்குங்கள். பொலிஸ் புத்தகத்தில் “நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்” என்று எழுதச் சொன்னால், மாமா அதில் கையொப்பமிடக் கூடாது. இருக்கும் நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையொப்பமிடட்டும்.